குடிக்காமல் வைத்த காப்பி

"ஹலோ… ஹலோ… ஏனுங்க, கேக்குதுங்களா?… நாந்தானுங்க, காவேரி… வெச்சறாதீங்க! ஒரே ஒரு நிமிசம்… ஆமாங்க. ஆமாங்க, காலையிலருந்து ஆறு தடவை அடிச்சேன். எடுக்கலேன்னா ஏழாவது தடவையும் அடிச்சிருப்பனுங்க… திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா கட் பண்ணிப்போட்டுத் திட்டாதீங்க, எனக்குக் கேக்காது."

காவேரி பாத்திரம் துலக்கும் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். தலைச்சோலையில் அவர்கள் வீட்டுக்கு சிக்னல் வந்து சேரும் இடம் அது ஒன்றுதான். பின்புறம், பலாமரத்தடி. கல்லை விட்டு இறங்கினால் பேச்சு பாதியில் அறுந்து போகும். அப்பா சின்னன் மிளகு பறிக்கப் போயிருந்தார். அம்மா பாவாயி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஒரு மணி பஸ்ஸில்தான் வருவாள். அதற்குள் பாலகுமாரைச் சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று இருந்தாள் காவேரி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மஞ்சக்குட்டை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து பாலகுமார் தன் அப்பா மாதேஸ்வரனையும் அம்மா சென்னம்மாளையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்க வந்தான். ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். மாதேஸ்வரன் கப்பைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் வைத்தார். ஒரு வாய் குடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப் நின்ற இடத்துக்கு நடந்துவிட்டார்.

"சாப்டீங்களா?… செரி செரி, கேக்கலீங்க… பேச்சை மாத்தலீங்க. எங்க ஊர்ல யாரு கூப்பிட்டாலும் மொதல்ல அதைத்தான் கேப்போம்… தெரியுமுங்க, உங்க ஊட்ல நேரா விசயத்துக்கு வந்துருவீங்க… செரி, நேராவே வர்றேன். மாமா எப்படி இருக்காங்க?"

மாமா. மாதேஸ்வரனை நினைத்து மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த சொல். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"வேலைக்கிப் போகலைங்களா?… எஸ்டேட் ரைட்டர் ஆளனுப்பியுமா?… அய்யோ. காய்ச்சலடிச்சப்பகூட கத்தியத் தூக்கிட்டுக் காட்டுக்குப் போன மனுசனுங்களே… நேத்து மத்தியானத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடலையா?… அத்தையுமா?… ம்… ம்… என்னுங்க சொன்னீங்க? தனிக் கப்பா?… ஏனுங்க, அது தனிக் கப்பு இல்லீங்க. அது நல்ல கப்புங்க! பூப்போட்டது. வெள்ளையா இருக்குமே, அந்தச் சாதாக் கப்பு வேண்டாம்னு அம்மா ஏற்காட்ல மூணு கடை ஏறி எறங்கி வாங்கிட்டு வந்துச்சு… பேப்பருதான். பேப்பருதானுங்க, நான் இல்லேன்னு சொல்லலையே. எங்க ஊட்டு டம்ளரு எப்படி இருக்கும்னு தெரியுங்களா உங்களுக்கு? ஒண்ணு ஓட்டை. ஒண்ணு ஆடு மிதிச்சு நசுங்கினது. இன்னொண்ணு கெணத்துல வுழுந்து, எடுத்ததுலருந்து ஒரு பக்கமாச் சாயும். அதுல குடுத்திருந்தா அத்தை எஸ்டேட் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாங்க."

அவன் சிரிக்கவில்லை. வேறு ஏதோ சொல்லத் தொடங்கினான். காவேரி கல்லின் மேல் காலை மாற்றி வைத்தாள்.

"கொட்டாங்கச்சியா?… யாருக்கு?… மாமாவுக்கா?… எப்பங்க?… பத்து வயசுல… எங்க?… கீழ, அவங்க பாட்டன் ஊர்ல… டீக்கடைக்கி வெளிய நின்னுட்டு… மத்தவங்களுக்கெல்லாம் கிளாசு… ம்… குடிச்சுட்டு அவரே கழுவி, அவரே வேலியில சொருகி வெக்கோணுமா… ம்… இத நீங்க எங்கிட்ட சொன்னதேயில்லீங்களே… அவரு உங்ககிட்டயே நேத்துத்தான் சொன்னாருங்களா."

களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையில் ஒரு கோழி கால் வைத்துப் பரப்பியது. மற்ற நாளாக இருந்தால் காவேரி கல்லெடுத்து விரட்டியிருப்பாள்.

"ஏனுங்க… அவரு கப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தாருங்கல்ல? நான் அவரு பூவைப் பாக்கறாருன்னு நெனச்சேனுங்க… சத்தியமா. கதவுச் சந்துல நின்னு பாத்துட்டு, பரவால்ல, மாமாவுக்குப் பூ புடிச்சிருக்குதுன்னு சந்தோசப்பட்டேன்… ம்… அழுகலீங்க. சளி."

அவன் அடுத்ததைக் கேட்டான்.

"யாரு? நேத்துக் கூட உக்காந்திருந்தாரே, முருகன் மாமனுக்கா?… ஆமாங்க, அவருக்கு எவர்சில்வர் டம்ளர்லதான் குடுத்தாங்க… இருங்க, இருங்க, கத்தாதீங்க. எங்கம்மாவோட அண்ணனுக்குச் சக்கரை வியாதிங்க. அவரு காப்பிக்குச் சக்கரை போடறதில்ல. கப்பு மாறிப் போயிரும்னு அவருக்கு மட்டும் அந்த ஆடு மிதிச்ச டம்ளர்ல… ஆமாங்க. நம்புங்க. வேணும்னா அவரு மாத்திரை அட்டையப் போட்டோ புடிச்சு அனுப்பட்டுங்களா?… சிரிச்சீங்க. இல்ல, சிரிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு."

அந்தச் சின்னச் சிரிப்பு போதுமாக இருந்தது அவளுக்கு. முந்தாநாள் வரை அந்தச் சிரிப்பைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருசத்துக்கு முன்னால் காப்பிப் பழம் பறிக்க அவர்கள் எஸ்டேட்டுக்குப் போனபோது தொடங்கிய சிரிப்பு அது. அதை விட்டுவிடக் கூடாது என்று மளமளவென்று பேசினாள்.

"அப்புறம் அத்தை உக்காந்ததும் உக்காராததுமா 'பொண்ணைக் குடுக்கறீங்களா'ன்னு கேட்டாங்களே… தப்புன்னு சொல்லலீங்க. உங்க வழக்கம் அது. எங்கப்பா காதைச் சொறிஞ்சாரே, பாத்தீங்களா? புடிக்காமச் சொறியலீங்க. எங்க ஊர்ல யாரும் உக்காந்துட்டுப் பதில் சொல்ல மாட்டாங்க. மழையப் பேசி, மெளகைப் பேசி, ரோடு போடாததைப் பேசி, தின்னு முடிச்சு, வழியனுப்ப வாசலுக்கு வந்து, வந்தவங்க செருப்பைத் தேடற நேரத்துலதான் 'அப்ப மாசியில ஒரு நாளைப் பாத்துக்கலாமுங்க'ம்பாங்க. அதுதான் செரின்னு அர்த்தம்… மாமா இன்னுங் கொஞ்ச நேரம் இருந்திருந்தா எங்கப்பா சொல்லியிருப்பாருங்க. நெசமா… கோழி அடிச்சிருந்தோம். சாமைச் சோறு. அத்தைக்குச் சாமை புடிக்காதேன்னு அரிசிச் சோறும் தனியா… அத்தனையும் நாய்க்குத்தான் போச்சு. இன்னைக்கிக் காலையில கூப்பிட்டா எந்திரிக்க மாட்டேங்குது, வயித்தத் தூக்கிட்டுப் படுத்திருக்குது."

மறுபடி சிரிப்பு. பிறகு அவன் ஒன்று கேட்டான். அதைக் கேட்டதும் காவேரியின் முகத்தில் வெயில் பட்ட மாதிரி ஆனது.

"என் டம்ளருங்களா?… அத இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களா?"

பழம் பறித்த சம்பளத்தில் சேலத்தில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள். பன்னிரண்டு. கடைக்காரரிடம் கேட்டு ஒவ்வொன்றிலும் 'காவேரி' என்று பேர் வெட்டி வாங்கினாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த அட்டைப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தது பாலகுமார்தான். என் ஊட்டுக்கு வர்றப்ப இதுலதான் காப்பி என்று அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

"அது ஊட்ல இல்லீங்க… கோவிச்சுக்காதீங்க. வெள்ளையம்மாக்கா வாங்கிட்டுப் போயிட்டாங்க. பக்கத்து ஊட்டு அக்கா. அவங்க அண்ணன் பேத்திக்கிக் காதுகுத்தாம், சேலத்துல. அம்மா எங்கிட்டக் கேக்காமயே எடுத்துக் குடுத்துருச்சு… நான் எதுக்குங்க பொய் சொல்றேன்? நேத்துக் காலையில பொட்டியத் தொறந்து பாத்துட்டு அம்மாகிட்டச் சண்டையே போட்டேன். நீங்க அதுல குடிக்கோணும்னுதான… அதுக்குத்தான வாங்கினேன். போங்க, வெக்கமா இருக்குது, திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க… ஆமாங்க… ஆமாங்க… அவ்வளவுதானுங்க நடந்தது. வேற ஒண்ணுமேயில்ல… மாமாகிட்டச் சொல்றீங்களா? இப்பவே?… ஞாயித்துக்கிழமை மறுபடி வர்றீங்களா! நெசமா?… டம்ளரு அதுக்குள்ள வந்துருமுங்க. வல்லேன்னா நானே சேலம் போயி வாங்கிட்டு வந்தர்றேன்… இருக்கேன். வெக்க மாட்டேன். நீங்க போயிச் சொல்லிட்டு வாங்க, இருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவன் நடக்கும் சத்தம், லைன் வீட்டுத் தகரக் கதவு, யாரோ இருமுவது, எல்லாம் கேட்டது. அந்த வீட்டுக்கு அவள் ஒரு தடவை போயிருக்கிறாள். சென்னம்மாள் தான் குடித்துக்கொண்டிருந்த டம்ளரிலேயே பாதி டீயை வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள், சூடு பதமாக இருக்கிறது குடி என்று. காவேரி வீட்டில் தண்ணீரானாலும் காப்பியானாலும் தூக்கித்தான் குடிப்பார்கள். உதட்டில் வைக்க மாட்டார்கள். அன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தாள். டீ நன்றாக இருந்தது. அதை வந்து அம்மாவிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னதும் அவள்தான். அவங்க எல்லாரும் வாய் வெச்சுத்தாம்மா குடிக்கறாங்க என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. அவங்க ஊட்ல என்ன கறியெல்லாம் ஆக்குவாங்க என்று மட்டும் கேட்டாள். கருவாடு என்றாள் காவேரி. மீதியைச் சொல்லவில்லை.

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வெள்ளையம்மாள் வந்தாள். இடுப்பில் ஒரு கூடை, மேலே துண்டு மூடியிருந்தது. காவேரியின் காலடியில் கல்லின் மேல் கூடையை இறக்கி, துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். உள்ளே டம்ளர்கள் பளபளத்தன.

காவேரி போனை நெஞ்சோடு வைத்துப் பொத்தினாள்.

"வந்துட்டீங்களாக்கா? காதுகுத்து நல்லா நடந்துச்சுங்களா?… எந்தக் காதுகுத்தா? உங்க அண்ணன் பேத்திக்கி… சேலத்துல… அவருக்குப் பேத்தியே இல்லீங்களா?… ரெண்டும் பேரனா… அப்ப நீங்க ஊருக்கே போகலைங்களா… இது எப்பங்க்கா உங்க ஊட்டுக்கு வந்துச்சு?… நேத்து வெடியால… அம்மாவே கொண்டாந்து குடுத்துச்சா… என்ன சொல்லிக் குடுத்துச்சுங்க்கா?… வந்தவங்க எந்திரிச்சுப் போறவரைக்கும் உங்க ஊட்ல இருக்கட்டும்னு… சொல்லுங்க, பரவால்ல… 'அவங்க வாய் வெச்சா அப்புறம் நம்ம எப்படிப் பொழங்கறது'ன்னு… ம்… ஒண்ணுமில்லீங்க்கா. வெயிலு கண்ணக் கூசுது… அம்மா வந்தா நான் சொல்லிக்கறேன். நீங்க போங்க்கா."

வெள்ளையம்மாள் போனாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கூடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், கொடுத்துவிட்டுப் போனாள்.

கொடியில் ஜமக்காளம் காய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அது அங்கேதான் தொங்கியது. போகிக்குத் துவைத்த ஜமக்காளம். பதினைந்து நாள் ஆகவில்லை. அதை அம்மா ஏன் மறுபடி நனைத்தாள் என்று காவேரி காலையிலிருந்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. முருகன் மாமனும் வாய் வைத்துத்தான் காப்பி குடிக்கிறார், அவர் டம்ளரை யாரும் ஒதுக்கவில்லை. அதையும் யோசிக்கவில்லை. அம்மா மூன்று கடை ஏறி இறங்கிப் பூப்போட்ட கப்பு தேடியதும் பொய்யில்லை. வாங்கி வந்து பூவை விரலால் தடவிப் பார்த்து, நல்லா இருக்கா என்று அவளிடம் கேட்டதும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

போன் நெஞ்சில் அதிர்ந்தது. யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் காதில் வைத்தாள். குரல் பாலகுமாருடையது இல்லை.

"ஹலோ… மாமாங்களா… ஆமாங்க… கேக்குதுங்க… ஆமாங்க, அவரு சொன்னாருங்களா… ம்… பூப்போட்ட கப்புதானுங்க… ம்… ம்…"

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். கூடையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் முடிந்தது. வெள்ளையம்மாள் மஞ்சக்குட்டைக்குப் போய்ச் சொல்லப் போவதில்லை. மாசியில் ஒரு நாளைப் பார்ப்பார்கள்.

"அய்யோ, வேண்டாமுங்க… அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்க பெரியவங்க… எங்கிட்டயா?… எங்கிட்ட எதுக்குங்க மன்னிப்பு… அம்மாகிட்டயா?… அம்மா ஊட்ல இல்லீங்க, ரேஷனுக்குப் போயிருக்குது… ஞாயித்துக்கிழமை நேர்லயே… கையெடுத்துக் கும்புடுவீங்களா… தப்பா நெனச்சுப்போட்டேன் தாயீன்னு… வேண்டாமுங்க. இல்லீங்க, வேண்டாமுங்க மாமா."

அவருடைய கைகளை அவள் நேற்றுப் பார்த்திருந்தாள். கத்திக் காயம் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டு அவர் அம்மாவுக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அம்மா அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்வாள். வாங்கிக்கொண்டு, பெரிய மனசு பண்ணி, உள்ளே போய்க் காப்பி எடுத்து வருவாள்.

"மாமா… ஒண்ணு சொல்லட்டுங்களா. கோவிச்சுக்க மாட்டீங்களே… நீங்க தப்பா நெனைக்கலீங்க… இல்லீங்க, சரியாத்தான் சொல்றேன். நேத்து நீங்க என்ன நெனச்சீங்களோ அதுதானுங்க நெசம்… டம்ளரு இப்ப என் காலுகிட்ட இருக்குதுங்க. பன்னெண்டும்… காதுகுத்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி பக்கத்து ஊட்ல கொண்டுபோய் வெச்சிருந்துச்சு, அம்மா… எனக்குத் தெரியாதுங்க. இப்ப, நீங்க போனுக்கு வர்றதுக்கு ஒரு நிமிசம் முன்னாடிதான்… அவருக்கும் தெரியாதுங்க, உங்க மகனைத் திட்டாதீங்க. நான் சொன்னதை அவரு நம்புனாரு, அவ்வளவுதான்… அழுகலீங்க… நான் அழுகலீங்க மாமா. நீங்களும் அழுகாதீங்க."

பலாமரத்தில் காற்று அடித்தது. ஜமக்காளம் உப்பி மறுபடி தொங்கியது. மாதேஸ்வரன் மெதுவாக ஏதோ கேட்டார்.

"ஏன் சொன்னேன்னா?… நீங்க மன்னிப்புக் கேட்டீங்களே, அதனாலதானுங்க. கேக்கலேன்னா சொல்லியிருக்க மாட்டேன். சத்தியமா. நான் அம்புட்டு நல்லவ இல்லீங்க… ம்… இல்லீங்க, ஞாயித்துக்கிழமை வராதீங்க. வந்தா என் டம்ளரை எடுத்து வெப்பாங்க. நீங்க குடிச்சுட்டுப் போவீங்க. போனதும் என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்… அத வெச்சுட்டு நான் எப்படீங்க அத்தை மொகத்தப் பாப்பேன்… அவருகிட்டப் போனைக் குடுக்காதீங்க. வேண்டாம். அவரு குரலைக் கேட்டா நான் இதையெல்லாம் இல்லேன்னு சொல்லிப்போடுவேன்…"

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர் இன்னும் போனை வைக்கவில்லை. வைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. வைத்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

"காப்பியா?… நாந்தானுங்க போட்டேன்… எங்க காட்டுக் கொட்டைதான். நானே வறுத்து, நானே இடிச்சது. ஆமாங்க, உங்களுக்குன்னு தனியா… நீங்க வெச்சுட்டுப் போனீங்களே, அதுங்களா? அம்மா சாக்கடையில ஊத்தச் சொல்லுச்சு… ஊத்தலீங்க… இந்தக் கல்லுகிட்ட எடுத்துட்டு வந்து நான் குடிச்சுப்போட்டேன்… ஆமாங்க, வாய் வெச்சுத்தான்… ஆறிப் போயிருந்துச்சு. மேல ஏடு கட்டியிருந்துச்சு… நல்லாத்தானுங்க இருந்துச்சு மாமா. சக்கரைகூடச் சரியா இருந்துச்சு… ஒரு வாய் குடிச்சிருந்தீங்கன்னா… மாமா?… ஹலோ… ஹலோ… மாமா?…"

காவேரி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கல்லை விட்டு அவள் இறங்கவேயில்லை. சிக்னல் கோடுகள் நான்கும் அப்படியே இருந்தன.